1948இல் கிடைத்தது என்ன, 1972இல் மாறியது என்ன?

இலங்கையின் சுதந்திர தினமான பெப்ரவரி 4 வந்தால் கொழும்பில் மூன்று விதமான பேச்சைக் கேட்கலாம். "1948இலேயே எல்லாம் கிடைத்துவிட்டது" என்பது ஒன்று. "அது பேருக்குத்தான், 1972 வரை இராணிதான் ஆண்டார்" என்பது இன்னொன்று. தமிழர் கூடும் இடங்களில் மூன்றாவதும் உண்டு: "சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவைத் தூக்காமல் விட்டிருந்தால் எங்களுக்கு இந்தக் கதி வந்திராது." (சோல்பரி யாப்பு என்பது சுதந்திரத்தின்போது இருந்த அரசியலமைப்பு; அதன் 29ஆம் பிரிவு சிறுபான்மையினருக்கான பாதுகாப்பு.) மூன்றிலும் உண்மையின் ஒரு துண்டு இருக்கிறது. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்ப்போம். சட்டப் படிப்புத் தேவையில்லை. ஆண்டுகளை வரிசையாகப் பிடித்துக்கொண்டால் போதும்.

திறப்பும் உறுதியும்

வெள்ளவத்தையில் ஒருவர் வாடகைக்கு இருக்கிறார். வீட்டுக்காரர் ஒருநாள் நன்கொடை உறுதி எழுதி அந்த வீட்டை அவருக்கே கொடுத்துவிடுகிறார். அன்றிலிருந்து திறப்பு அவர் கையில். சுவரை இடிக்கலாம், மேல்மாடி கட்டலாம். பழைய சொந்தக்காரர் வாசலில் வந்து நின்று கேள்வி கேட்க முடியாது. ஆனால் "இந்த வீடு எப்படி உங்களுடையது?" என்று யாராவது கேட்டால், பழையவர் கையெழுத்து வைத்த அந்த உறுதியைத்தான் எடுத்துக் காட்ட வேண்டும். "கிணற்றை மூடக்கூடாது" என்று உறுதியில் ஒரு நிபந்தனை இருந்தால் அதுவும் கூடவே வரும்.

இலங்கையின் கதையும் இதுதான். நாட்டை யார் ஆள்வது என்பது திறப்பு. ஆளும் அதிகாரம் சட்டப்படி எங்கிருந்து வந்தது என்பது உறுதி. 1948இல் திறப்பு முழுமையாகக் கைமாறியது. உறுதி லண்டனில் எழுதியதாகவே இருந்தது. 1972இல் அந்த உறுதியை ஒதுக்கிவிட்டு இங்கேயே புதிதாக ஒன்று எழுதினார்கள். 29ஆம் பிரிவு அந்தக் கிணற்று நிபந்தனை.

1948க்கு முன்: கொஞ்சம் கொஞ்சமாக

கரையோரப் பகுதிகளை 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் பிடித்தார்கள். 1802இல் அவை முடிக்குரிய குடியேற்ற நாடாயின, அதாவது பிரித்தானிய அரசின் பெயரால் தேசாதிபதி ஒருவர் நேரடியாக ஆளும் பிரதேசம். 1815இல் கண்டியும் சேர்ந்தது. முழுத் தீவுக்கும் ஒரே நிர்வாகம் வந்தது 1833இல், கோல்புறூக் சீர்திருத்தத்தோடு. அப்போது உருவான சட்டநிரூபண சபையில் 15 பேர்: 9 பேர் அரசாங்க உத்தியோகத்தர், 6 பேர் உத்தியோகப்பற்றற்றோர். அந்த ஆறு பேரில் மூவர் ஐரோப்பியர்; சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்குத் தலா ஓர் ஆசனம். ஆறு பேரையும் தேசாதிபதியே நியமித்தார். இனத்துக்கு இத்தனை ஆசனம் என்று எண்ணும் பழக்கம் இங்கே அன்றைக்கே தொடங்கிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தேர்தல் வர இன்னும் எண்பது ஆண்டு போல எடுத்தது. 1910ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் 'படித்த இலங்கையர்' என்று ஓர் ஆசனத்தை உண்டாக்கியது. வாக்காளர் தொகை சுமார் மூவாயிரம். வென்றவர் பொன்னம்பலம் இராமநாதன். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் தொடங்கியபோது முதல் தலைவராக இருந்தவர் அவருடைய தம்பி அருணாசலம். மேல் மாகாணத் தமிழருக்கு ஓர் ஆசனம் தருவதாகச் சொன்ன வாக்கு நிறைவேறாமற் போனதால் 1921இல் அவர் காங்கிரஸை விட்டு விலகினார். கொழும்புத் தமிழரின் ஓர் ஆசனத்தில் விழுந்த கீறல் அது. அதற்குப் பிறகு ஒரே மேடையில் நின்று சுதந்திரம் கேட்கும் அரசியல் இங்கே உருவாகவே இல்லை.

1931 பெரிய பாய்ச்சல். டொனமூர் ஆணைக்குழுவின் சிபார்சுப்படி 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை. சொத்து, படிப்பு என்ற நிபந்தனைகள் போயின. பிரித்தானியாவில் பெண்கள் 21 வயதில் வாக்களிக்கத் தொடங்கியதே 1928இல்தான். காலிமுகத்தில் இன்று ஜனாதிபதி செயலகமாக இருக்கிற கட்டடத்தில் புதிய அரசாங்க சபை கூடியது: 50 பேர் தெரிவானவர், 8 பேர் நியமனம், மூவர் அரச உத்தியோகத்தர். பாதுகாப்பு, வெளிவிவகாரம், நிதி, சட்டம் ஆகியவை அந்த மூன்று உத்தியோகத்தரிடமே இருந்தன. மற்றத் துறைகளை ஏழு நிர்வாகக் குழுக்கள் பார்த்தன. ஒவ்வொரு குழுவும் தனக்கொரு தலைவரைத் தெரிவுசெய்ய, அவரே அமைச்சர்.

இந்த முறையில் ஓர் ஓட்டை இருந்தது. ஏழு குழுக்களிலும் உறுப்பினரைக் கணக்குப் பார்த்துப் பிரித்துப் போட்டால் ஏழு தலைவர்களும் ஒரே இனத்தவராக வர முடியும். 1936இல் அதுவே நடந்தது. சிங்களவர் மட்டுமே கொண்ட அமைச்சரவை அமைந்தது. ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் 'ஐம்பதுக்கு ஐம்பது' கோரிக்கை, அதாவது சபையில் பாதி ஆசனம் சிங்களவருக்கு, மீதிப் பாதி மற்ற எல்லா இனத்தவருக்கும் என்பது, வேகம் பிடித்தது இந்தப் பின்னணியில்தான்.

சோல்பரி யாப்பை எழுதியது சோல்பரியா?

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. 1943இல் பிரித்தானிய அரசு, உள்நாட்டு விவகாரங்களில் முழுப் பொறுப்பாட்சி தரத் தயார், அமைச்சர்களே ஒரு வரைவு தயாரிக்கட்டும் என்றது. டி. எஸ். சேனநாயக்க தலைமையிலான அமைச்சர்கள் 1944இல் வரைவைக் கொடுத்தார்கள். அதன் பெரும்பகுதி ஐவர் ஜெனிங்ஸின் கைவண்ணம். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் அவர்.

வரைவை ஆராய சோல்பரி பிரபு தலைமையில் அனுப்பும் ஆணைக்குழு சிறுபான்மையினரையும் விசாரிக்கும் என்று லண்டன் அறிவித்ததும் அமைச்சர்கள் கோபித்துக்கொண்டு வரைவைத் திரும்பப் பெற்றார்கள். அவர் 1944 டிசம்பரில் கொழும்புக்கு வந்தபோது அவர் முன் சாட்சியம் சொல்லவும் போகவில்லை. ஆனாலும் 1945இல் வெளியான அறிக்கை, சில திருத்தங்களோடு, அமைச்சர்களின் வரைவையே பெரிதும் தழுவியிருந்தது. ஐம்பதுக்கு ஐம்பதை அது ஏற்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் அரசாங்க சபை 51க்கு 3 என்ற வாக்கில் திட்டத்தை ஏற்றது.

நம்மவர் பலருக்குத் தெரியாத ஒன்று: 29ஆம் பிரிவின் சிறுபான்மைப் பாதுகாப்பு வெள்ளைக்காரர் திணித்ததல்ல. அமைச்சர்களின் வரைவிலேயே 8ஆம் பிரிவாக அது இருந்தது. சிறுபான்மையினருக்கு ஆசனம் கூட்டிக் கொடுக்காமல் சமாளிக்க அதுவே அவர்கள் வைத்த ஈடு என்று பார்ப்பதுதான் பொருத்தம்.

பெப்ரவரி 4இன் பின்னால் இருந்த கடதாசிகள்

சுதந்திரம் ஒரே பத்திரத்தில் வரவில்லை. வரிசை இப்படி:

முதலில் 1946ஆம் ஆண்டு அரச ஆணை. பிரித்தானிய மன்னர் தன் ஆலோசகர் மன்றத்தின் வழியாகப் பிறப்பிக்கும் சட்டத்தை அரச ஆணை என்கிறோம். நமது யாப்பு இருந்தது இதற்குள்தான். அப்போது அது முழுச் சுதந்திர யாப்பல்ல. பாதுகாப்பு, வெளிவிவகாரம் போன்றவற்றில் லண்டனுக்கு இன்னும் பிடி இருந்தது.

அடுத்து 1947 நவம்பர் 11ஆம் திகதி மூன்று உடன்படிக்கைகள்: பாதுகாப்பு, வெளியுறவு, அரச உத்தியோகத்தர். பின்னர் அதே ஆண்டு டிசம்பரில் பிரித்தானியப் பாராளுமன்றம் இலங்கைச் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது. இலங்கை கேட்டு, சம்மதித்தாலன்றி, பிரித்தானியா இனி இயற்றும் எந்தச் சட்டமும் இங்கே செல்லாது என்பது அதன் முதற் பிரிவு. யாப்பில் மிச்சமிருந்த கட்டுகளை இன்னோர் அரச ஆணை அவிழ்த்தது. இவையெல்லாம் 1948 பெப்ரவரி 4ஆம் திகதி ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. சுதந்திர இலங்கையின் பாராளுமன்றத்தைக் குளோஸ்டர் கோமகன் சம்பிரதாயமாகத் தொடக்கிவைத்தது பெப்ரவரி 10இல், இன்றைய சுதந்திர சதுக்கத்தில்.

இந்த நிலைக்கு 'டொமினியன்' என்று பெயர்: தன்னைத் தானே ஆளும் நாடு, ஆனால் அரச தலைவர் பிரித்தானிய முடி. முடிக்குப் பதிலாக இங்கே இருந்தவர் மகாதேசாதிபதி. அவர் பிரதமரின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும். ஆகவே "1972 வரை இராணி ஆண்டார்" என்பது பிழை. அவர் பெயர் இருந்தது, ஆட்சி இருக்கவில்லை. (யாப்புக்குப் பெயர் தந்த சோல்பரி பிரபுவே 1949இல் இங்கு மகாதேசாதிபதியாக வந்திறங்கியதும் சேர்ந்துதான் இந்தக் குழப்பத்தை வளர்த்திருக்க வேண்டும்.)

குழப்பம் உள்ளூரில் மட்டுமல்ல. திருகோணமலையிலும் கட்டுநாயக்காவிலும் பிரித்தானியப் படைத்தளம் இருந்ததைக் காட்டி, இது உண்மையான சுதந்திரமா என்று சோவியத் ஒன்றியம் கேட்டது. ஐக்கிய நாடுகள் சபையில் இலங்கைக்கு இடம் கிடைத்தது 1955இல்தான். தளங்கள் 1957இல் திரும்பி வந்தன.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: 1948இல் சட்டமியற்றும் அதிகாரமும் ஆட்சியும் முழுமையாகக் கொழும்புக்கு வந்தன. யாப்பு மட்டும் லண்டன் ஆணையின் பிள்ளை. கடைசி மேன்முறையீடும் லண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சிலுக்கே போனது. கோமறைக் கழகம் என்று பழைய நூல்கள் சொல்லும் நீதிமன்றம் அது.

29ஆம் பிரிவு: என்ன சொன்னது, எங்கே சறுக்கியது

29ஆம் பிரிவின் 1ஆம் உபபிரிவு, நாட்டின் சமாதானம், ஒழுங்கு, நல்லாட்சி ஆகியவற்றுக்காகப் பாராளுமன்றம் சட்டம் செய்யலாம் என்றது. 2ஆம் உபபிரிவு வேலி. மத வழிபாட்டைத் தடுக்கவோ, ஒரு சமூகத்தவருக்கு மட்டும் மற்றவர்களுக்கு இல்லாத தடையையோ சலுகையையோ ஏற்படுத்தவோ கூடாது என்றது. 3ஆம் உபபிரிவு, வேலியைத் தாண்டிய சட்டம் அந்தளவுக்குச் செல்லாது என்றது. 4ஆம் உபபிரிவு யாப்பைத் திருத்தும் வழி: பிரதிநிதிகள் சபையின் மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு. வந்திருந்தவர்களில் அல்ல, மொத்தத்தில். சபையில் 101 பேர் இருந்தபோது 68 வாக்கு வேண்டும். அதைச் சபாநாயகர் சான்றுப்படுத்தவும் வேண்டும்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. முதல் சோதனை உடனேயே வந்தது.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் 'இந்தியத் தமிழர்' என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. 1948 நவம்பர் 15க்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் பரம்பரைப் பிரஜையாக வேண்டுமானால், அவருடைய தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. அவ்வளவுதான். இந்தியாவிலிருந்து மலையகத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர்களின் வழியில், லயன் காம்பரா என்ற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவருக்குத் தகப்பனின் பிறப்புச் சான்றிதழை எங்கே போய்த் தேடுவது? 1949ஆம் ஆண்டு இன்னொரு சட்டம் பதிவு மூலம் பிரஜாவுரிமை பெற வழி தந்தது. ஆனால் 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர் ஏழு ஆண்டும் ஏனையோர் பத்து ஆண்டும் இடைவிடாமல் இங்கு வசித்ததைக் காட்ட வேண்டும். விண்ணப்பிக்க இரண்டு ஆண்டுதான் அவகாசம். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்கப்பட்டவர் சுமார் 1,34,000 பேர். அதே 1949இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, பிரஜை அல்லாதவருக்கு வாக்கில்லை என்றாயிற்று. 1947இல் நுவரெலியாவில் தொண்டமான் வென்றதுபோல மலையகத்தில் பல இடங்களில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸ் வென்றிருந்தது. 1952இல் அதற்கு ஓர் ஆசனமும் இல்லை.

வழக்கு நீதிமன்றம் போனது. உயர் நீதிமன்றத்தில் தோற்று, கோடகன் பிள்ளை எதிர் முதநாயக்க என்ற பெயரில் 1953இல் பிரிவிக் கவுன்சிலில் முடிந்தது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது எந்தப் பாராளுமன்றத்துக்கும் இயல்பான அதிகாரம். இச்சட்டம் ஒரு சமூகத்தைக் குறிவைத்ததாகச் சொல்ல முடியாது என்பது தீர்ப்பு. சட்டத்தின் வார்த்தையைப் பார்த்தார்கள். அது யார் தலையில் போய் விழுந்தது என்பதைப் பார்க்கவில்லை. 29ஆம் பிரிவு சறுக்கிய இடம் இதுவே. ஒரு சமூகத்தின் பெயரைச் சொல்லாமல் எழுதத் தெரிந்தால் வேலியைத் தாண்டிவிடலாம் என்றாகிவிட்டது. இதே காலத்தில்தான், 1949 டிசம்பர் 18இல், மருதானையில் தமிழரசுக் கட்சி தொடங்கியது.

இரண்டாவது சோதனை மொழி. 1956ஆம் ஆண்டு அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் சொன்னது. இங்கே மறைப்பு ஒன்றுமில்லை. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாத தமிழ் உத்தியோகத்தரின் சம்பள ஏற்றத்தை நிறுத்தும்படி திறைசேரி சுற்றறிக்கை வந்தது. கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் தனக்கு மறுக்கப்பட்ட ஏற்றத்துக்காக வழக்குப் போட்டார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரசகரும மொழிச் சட்டமே 29ஆம் பிரிவுக்கு முரண் என்றது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்காட முடியாது என்று சொல்லி, மொழிக் கேள்வியைத் தொடாமலே அதைப் புரட்டியது. 1969 டிசம்பரில் பிரிவிக் கவுன்சில், வழக்காடலாம் என்றது. மொழிக் கேள்வியைத் தீர்க்கும்படி உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அது தீர்க்கப்படவில்லை. அதற்குள் யாப்பே மாறிவிட்டது.

ஆக, "29 இருந்திருந்தால்" என்று சொல்பவரிடம் கோடகன் பிள்ளை வழக்கைக் காட்டலாம். "29 வெறும் எழுத்து" என்பவரிடம் கோடீஸ்வரன் வழக்கைக் காட்டலாம்.

1972: பாராளுமன்றம் இருக்க ஏன் நவரங்கஹல?

1970 மே தேர்தலில் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி, சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி ஆகியவற்றின் ஐக்கிய முன்னணி 151 தேர்தல் ஆசனங்களில் 116ஐ வென்றது. வாக்குகளில் பாதியைத் தொடவில்லை. ஆசனத்தில் மூன்றில் இரண்டைத் தாண்டியது. பழைய யாப்பின் வழியிலேயே திருத்தியிருக்கலாமே?

அவர்கள் முன் இரண்டு சிக்கல்கள் இருந்தன. முதலாவது, இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க வழக்கில் 1964இல் பிரிவிக் கவுன்சில், வழக்குக்கு நேரடியாகத் தேவைப்படாத இடத்தில், 29(2) மாற்ற முடியாத ஏற்பாடு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது. மூன்றில் இரண்டு இருந்தாலும் அதைத் தொட முடியுமா என்ற ஐயம் எழுந்தது. இரண்டாவது, திருத்தினாலும் அது பழைய உறுதியில் போட்ட திருத்தமாகவே இருக்கும். அதிகாரத்தின் வேர் லண்டனில்தான். அரசியலமைப்பு அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வாவுக்கு வேண்டியது வேரையே மாற்றுவது.

ஆகவே அரசியல் நிர்ணய சபை என்ற வழியை எடுத்தார்கள். புதிய யாப்பு எழுதுவதற்கென்றே, பழைய யாப்பின் அனுமதி இல்லாமல், மக்கள் ஆணையின் பெயரால் கூடும் சபை அது. ஆட்கள் அதே பாராளுமன்ற உறுப்பினர்கள்தான். ஆனால் பாராளுமன்றமாக அவர்கள் கூடவில்லை என்று காட்ட வேண்டுமே! அதனால் காலிமுகக் கட்டடத்தை விட்டு, றோயல் கல்லூரியின் நவரங்கஹல மண்டபத்தில் 1970 ஜூலை 19ஆம் திகதி கூடினார்கள். பாராளுமன்றம் காலிமுகத்தில் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தது. இதற்கிடையே 1971இல் பாராளுமன்றத்தின் மேலவையான செனட் சபையையும் பிரிவிக் கவுன்சில் மேன்முறையீட்டையும் சாதாரண வழியிலேயே நீக்கிவிட்டார்கள்.

தமிழரசுக் கட்சி உள்ளே போய்ச் சமஷ்டி (கூட்டாட்சி) யோசனையை வைத்தது. ஒற்றையாட்சி என்ற அடிப்படைத் தீர்மானம் நிறைவேறியது. மொழி விடயத்திலும் இடம் கிடைக்காததால் 1971 ஜூனில் வெளியேறியது. 1972 மே 22ஆம் திகதி 119க்கு 16 வாக்கில் யாப்பு ஏற்கப்பட்டது. சிலோன் போய் ஸ்ரீ லங்கா குடியரசு வந்தது. கடைசி மகாதேசாதிபதி வில்லியம் கோபல்லாவ முதல் ஜனாதிபதியானார். பௌத்தத்துக்கு முதன்மை இடம் 6ஆம் பிரிவில், அரசகரும மொழி சிங்களம் 7ஆம் பிரிவில். 29ஆம் பிரிவு காணாமற் போனது. அதற்குப் பதிலாக அடிப்படை உரிமைகள் என்று ஓர் அத்தியாயம் இருந்தது. ஆனால் நடைமுறையிலுள்ள பழைய சட்டங்கள் அந்த உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் தொடர்ந்து செல்லும் என்று சேர்த்தே எழுதியிருந்தார்கள்.

வேரை வெட்டி நட்டது சட்ட நுட்பத்தில் பெரிய காரியந்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் சாதாரண மனிதனின் நாளாந்த வாழ்வில் 1972ஐ உணரவைத்தது அந்த வேரல்ல. வெளியே போய் முறையிட இருந்த நீதிமன்றமும், உள்ளே இருந்த வேலியும் ஒரே காலத்தில் போனதே. கூடவே, 1970இல் ஐந்தாண்டுக்குத் தெரிவான சபை தன் ஐந்தாண்டை 1972இலிருந்து எண்ணிக்கொண்டு 1977 வரை இருந்தது.

1978 எங்கே பொருந்துகிறது?

இது சுருக்கம். 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனத்தில் 140ஐ வென்றது. 1972 யாப்பிலேயே அதை நீக்கிப் புதியது கொண்டுவர வழி இருந்தது: மூன்றில் இரண்டு. அந்த வழியில் நிறைவேற்று ஜனாதிபதி முறையுள்ள இன்றைய யாப்பு 1978 செப்டெம்பர் 7ஆம் திகதி வந்தது. புதிய அரசியல் நிர்ணய சபை எதுவும் கூடவில்லை. ஆகவே இன்றைய யாப்பின் சட்ட வேர் நவரங்கஹலவுக்குத்தான் போகிறது, லண்டனுக்கல்ல.

இன்றைய யாப்பைத் திருத்த 225 பேரில் 150 வாக்கு வேண்டும். ஒற்றையாட்சி, இறைமை, பௌத்தத்தின் இடம் போன்ற சில உறுப்புரைகளைத் தொட்டால் அதற்கு மேல் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும்; 83ஆம் உறுப்புரை அந்தப் பட்டியலைத் தருகிறது. எது அந்தப் பட்டியலுக்குள் விழும் என்பதில்தான் சண்டை. மாகாண சபைகளையும், தமிழும் ஓர் அரசகரும மொழி என்ற வாசகத்தையும் கொண்டுவந்த 13ஆம் திருத்தம் 1987இல் உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் முன் போனது. நால்வர் வாக்கெடுப்புத் தேவையில்லை என்றார்கள், நால்வர் தேவை என்றார்கள். ஒன்பதாமவர் குறிப்பிட்ட ஏற்பாடுகளுக்கு மட்டும் தேவை என்றார். அந்த ஏற்பாடுகளை மாற்றி எழுதி, வாக்கெடுப்பு இல்லாமலே மூன்றில் இரண்டோடு நிறைவேற்றினார்கள்.